கடலை எந்தக் கரையிலிருந்து பார்ப்பது: படித்ததும், படிப்பதும், படிக்கப்போவதும்

‘சமீபத்தில் படித்து முடித்த நாவல் எது, இப்போது கையில் இருப்பது எது, அடுத்து எடுக்கப்போவது எது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். முடித்தவை: வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தகழியின் மலையாள நாவல் ‘செம்மீன்’. கையில் இருப்பது ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, இரண்டாம் வாசிப்பு. அதற்குத் துணையாக எம்.எஸ். மொழிபெயர்த்த ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’. அடுத்து எடுக்கப்போவது ‘கொற்கை’. அதன் பிறகு ராஜம் கிருஷ்ணன்.

எல்லாம் கடல் என்பது தற்செயல் இல்லை. ஒரே நிலத்தைப் பற்றிய நாவல்களை அடுத்தடுத்துப் படிப்பது எனக்குப் பிடித்த வழி. தனியாகப் படிக்கும்போது ஒரு நாவல் தன் உலகத்தையே முழு உலகம் என்று நம்ப வைத்துவிடும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் அது எங்கே நின்று பார்த்தது, எதைப் பார்க்காமல் விட்டது என்று தெரியும். கடல் நாவல்களை இப்படிப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. கடல் நாவல் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை கரை நாவல்கள். ஆள் கடலுக்குப் போனதும் நாவலும் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. படகில் ஏறிக் கூடவே போகும் நாவல்கள் கொஞ்சம்தான்.

‘கடல்புரத்தில்’ கரையில் நிற்கிற நாவல்களில் ஆக அழகானது. 1977இல் வந்தது, மிகச் சிறிய புத்தகம், ஒரே மாலையில் முடித்துவிடலாம். மணப்பாடுதான் களம். பிலோமி, அவள் அப்பா குரூஸ் மிக்கேல், அம்மா மரியம்மை, வல்லத்தையும் (நாட்டுப் படகையும்) வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லும் அண்ணன் செபஸ்தி, பிலோமியைக் காதலித்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொள்ளும் சாமிதாஸ். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். பின்னணியில் லாஞ்சி, அதாவது விசைப்படகு, வைத்திருப்பவர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் நடக்கும் பகை புகைந்துகொண்டே இருக்கிறது.

வண்ணநிலவன் திருநெல்வேலிக்காரர், கடல் தொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்தவர் இல்லை. அதனால் கடலுக்குள் போகும் பக்கங்களை அவர் அதிகம் எழுதவில்லை. எழுதத் தெரியாததை எழுதாமல் விட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. அவருக்கு நன்றாகத் தெரிந்தது மனம். அதில் அவருக்கு இணையே கிடையாது. மரியம்மைக்கும் வாத்திக்கும் நடுவில் இருக்கும் சிநேகத்தை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். எந்த இடத்திலும் அதற்குப் பெயர் வைக்க அவர் அவசரப்படுவதில்லை. பிலோமி சாமிதாஸை வெறுக்காமல் வழியனுப்பும் பக்கங்களை அதே இடத்தில் திரும்பவும் ஒருமுறை படித்தேன். விட்டுப் போனவன் மேல் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பிரியம் மிச்சம் இருக்க முடியுமா என்று கேட்டால், அந்த எழுத்தில் முடிகிறது. கடல் நாவல் வரிசையை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

லாஞ்சிப் பகைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு, அது தெரிந்தால் வாசிப்பு ஆழமாகும். 1950களில் கேரளத்தின் நீண்டகரையில் நார்வே நாட்டு உதவியோடு இயந்திரப் படகுத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் தெற்குக் கரை முழுவதும் இயந்திரப் படகுகள் பரவின. பாயையும் துடுப்பையும் நம்பியவனின் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனது, கரையோர மீனை வாரிக்கொண்டு போனது. ஊர் ஊராக அடிதடி, கொலை, படகு எரிப்பு. தமிழ்நாட்டில் 1983இல்தான் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு வரக்கூடாது என்றது. சட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்பே வண்ணநிலவன் இந்தப் பிரச்சினையை ஒரு குடும்பத்தின் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லை.

அப்புறம் தோப்பில் மீரான். மணப்பாட்டிலிருந்து தெற்கே போய்க் குமரி முனையைச் சுற்றி மேற்கே திரும்பினால் தேங்காய்ப்பட்டணம். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் புத்தகமாக வந்தது. அதற்கு முன் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்த நாவல். மீரான் மலையாள வழியில் படித்தவர், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். அவருடைய தமிழ், மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அந்த ஊர் முஸ்லிம்களின் வாய்மொழி.

பெயரில் கடல் இருக்கிறதே தவிர, இந்த நாவலில் கடல் அலைச் சத்தமாகத்தான் வருகிறது. நடுவில் நிற்பது வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் வீடு. அவர் சொன்னால் பள்ளிவாசலும் அசையும், ஊரும் அசையும். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்றதும் அவருடைய அதிகாரம் ஆட்டம் காண ஆரம்பிக்கிறது. மக்களின் பயத்தை வைத்துப் பிழைக்க வெளியூரிலிருந்து ஒரு தங்ஙள், அதாவது மதப் பெரியவர், வேறு வந்து சேர்கிறார். தன் சமூகத்தை உள்ளேயிருந்து இவ்வளவு கறாராகப் பார்த்த நாவல்கள் தமிழில் குறைவு. கறார் இருக்கிற அளவுக்கு வாஞ்சையும் இருக்கிறது, அதனால்தான் முதலாளியின் வீழ்ச்சியைப் படிக்கும்போது நமக்கும் ஏதோ கனக்கிறது.

முதலாளியை எதிர்த்து நிற்கும் மஹ்மூதைக் கவனியுங்கள். சுறாவின் துடுப்பை, அதாவது பீலியை, அறுத்து வியாபாரம் செய்கிறவன். பெரிய குடும்பம் கிடையாது, நிலபுலம் கிடையாது. ஊரில் யார் கையையும் எதிர்பார்க்காத வருமானம் மட்டும் இருக்கிறது. அந்த வருமானம் கொடுக்கும் தைரியத்தோடுதான் அவன் தலை நிமிர்ந்து நிற்கிறான் என்பது என் வாசிப்பு. மீரான் அதை வெளிப்படையாக எழுதவில்லை. தொழிலை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார்.

இந்தச் சுறா என்னை விடவில்லை. ‘செம்மீனை’ திரும்ப எடுத்ததற்கும் அதுதான் காரணம். 1956இல் வெளிவந்து அடுத்த ஆண்டே சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். 1965இல் ராமு காரியாட்டின் படமாக வந்து குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் வாங்கியது. படத்தின் வழியாகத்தான் நம்மில் பலருக்குக் கறுத்தம்மாவையும் பரீக்குட்டியையும் தெரியும். மனைவி தவறினால் கடலுக்குப் போன கணவனைக் கடலம்மை எடுத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய காதல் கதை அது. முடிவும் எல்லோருக்கும் தெரிந்ததே. கறுத்தம்மா, பரீக்குட்டி இருவரின் உடல்களும் கரையில் ஒதுங்குகின்றன. கறுத்தம்மாவின் கணவன் பழனியின் தூண்டிலை விழுங்கிய சுறாவும் வேறொரு கரையில் ஒதுங்குகிறது.

இந்த முறை காதலைவிட என்னைப் பிடித்துக்கொண்டது கடன். கறுத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்கியது பரீக்குட்டி கொடுத்த பணத்திலும் சரக்கிலும். அதை அவன் திருப்பிக் கொடுப்பதில்லை. பரீக்குட்டி கொஞ்சம் கொஞ்சமாக நொடித்துப் போகிறான். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிக் கரையே பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் அப்பன் செய்த வஞ்சகத்தைப் பற்றிக் கடலம்மை வாயே திறப்பதில்லை. தகழி இதைத் தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். மீரானைப் படித்த கையோடு எடுத்திருக்காவிட்டால் இது கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ‘செம்மீன்’ படம் பார்த்தாயிற்று, நாவல் எதற்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கடனைப் பின்தொடர்ந்து ஒருமுறை படியுங்கள்.

சரி, இப்போது கையில் இருக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும், ஏனென்றால் இதுதான் படகில் ஏறும் நாவல்.

‘ஆழி சூழ் உலகு’ 2004இல் தமிழினி வெளியீடாக வந்தது. ஜோ டி குருஸ் உவரியில் பிறந்த பரதவர். கப்பல் துறையில் வேலை பார்த்தவர். ஆமந்துறை என்ற கற்பனை ஊர், 1933இலிருந்து 1985 வரை, மூன்று தலைமுறை. தொடக்கத்திலேயே புயலில் உடைந்த கட்டுமரத்தோடு சிலர் நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள். கிழவர் கோத்ராப்பிள்ளை, சூசை, இளைஞன் சிலுவை. அவர்கள் தண்ணீரில் கிடக்கும் நேரமும் ஊரின் ஐம்பது வருடக் கதையும் மாறி மாறி வருகின்றன. கரையில் ஒரு கல்யாணமோ சண்டையோ நடக்கும்போதெல்லாம், அங்கே தண்ணீரில் மூன்று பேர் கிடக்கிறார்களே என்ற நினைப்பு கூடவே வருகிறது. யார் கரை சேர்கிறார்கள் என்பதை நான் சொல்லப் போவதில்லை. முதல் வாசிப்பில் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேகமாக ஓடினேன். இரண்டாவது வாசிப்பில் அந்த அவசரம் இல்லாததால், மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எப்படி இடம் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க முடிகிறது. சூசைக்கும் சிலுவைக்கும் இடையில் ஊரில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு படித்தால், தண்ணீரில் பேசும் ஒவ்வொரு சொல்லும் வேறு எடையில் விழுகிறது.

இந்த நாவலில் கடல் ஒரு வேலைத்தலம். எந்தக் காற்றில் பாய் விரிக்கலாம், எந்த நீரோட்டத்தில் வலை போகும், சுறா தூண்டிலில் மாட்டினால் மரத்தை என்ன பாடு படுத்தும், அதை அடித்து ஏற்றுவதற்கு யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதெல்லாம் உடம்பால் தெரிந்தவர் எழுதிய பக்கங்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்கள் கதாபாத்திரங்களைப் போல வந்து போகின்றன. சுறா வேட்டைப் பகுதிகளை யாராவது ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும்.

வட்டார வழக்குக்குப் பயந்து பாதியில் மூடி வைத்தவர்கள் பலரைத் தெரியும். அவர்களுக்கு இரண்டு யோசனை. ஐம்பது பக்கம் வரை எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் தேடாதீர்கள். உரையாடலை மட்டும் உரக்கப் படியுங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும். இன்னொன்று, ஒரு தாளில் குடும்பங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறை என்பதால் தாத்தா பெயரும் பேரன் பெயரும் குழம்பும். தொம்மந்திரை, காகு சாமியார், கோத்ரா என்று பழகிவிட்ட பிறகு ஊரே உங்களுக்குச் சொந்தம் ஆகிவிடும். காகு சாமியாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரை நாவல்களில் பாதிரியார் என்றாலே கெட்டவர் அல்லது புனிதர் என்ற இரண்டே வார்ப்புகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். இவர் அந்த மக்களோடு உழன்ற மனிதர். 1542இல் சவேரியார் வந்திறங்கிய காலத்திலிருந்து இந்தக் கரையில் கோயிலும் ஊரும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை அவர் வழியாகப் புரிந்துகொள்ளலாம்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. கிளைக்கதைகள் அதிகம். சில பெண் கதாபாத்திரங்கள் உடலாகவும் துயரமாகவும் மட்டும் நின்றுவிடுகிறார்கள். பிலோமியைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது உறுத்தும். கடலுக்குள் போன நாவல், கரையில் காத்திருப்பவளின் மனத்துக்குள் அதே ஆழத்தில் போகவில்லை. இரண்டு நாவல்களையும் ஒன்றாக வைத்தால்தான் ஒரு முழு வீடு கிடைக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நாவல் வந்த அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரைகளை அடித்துப் போட்டது. அதற்குப் பிறகு இந்தப் பெயரைச் சாதாரணமாக உச்சரிக்க முடியாமல் போயிற்று.

‘கடலும் கிழவனும்’ இதோடு எதற்கு? ஹெமிங்வேயின் சான்டியாகோ எண்பத்து நான்கு நாட்கள் மீன் கிடைக்காமல் எண்பத்தைந்தாம் நாள் தனியாகப் போகிறவர். எத்தனையோ பேர் மனித மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்லும் கதை. ஆமந்துறைக்காரர்களோடு சேர்த்துப் படித்தபோது அந்தத் தனிமைதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. நம் கட்டுமரத்தில் பெரும்பாலும் யாரும் தனியாகப் போவதில்லை. பிடித்ததில் இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு உண்டு, செத்தால் அழ ஊர் உண்டு. சான்டியாகோவுக்குச் சுறா என்பது தன் மீனைத் தின்ன வரும் திருடன். ஆமந்துறைக்கு அது சோறு, தேங்காய்ப்பட்டணத்து மஹ்மூதுக்குத் தன்மானம், பழனிக்கு எமன். எம்.எஸ்.ஸின் தமிழ் மிகச் சிக்கனமானது. ஒரு வாக்கியத்திலும் அலங்காரம் இல்லை, இந்தக் கதைக்கு அதுதான் வேண்டும்.

இனி அடுத்தது. ‘கொற்கை’ மேசைமேல் காத்திருக்கிறது. 2009இல் காலச்சுவடு வெளியிட்டது, 2013இல் சாகித்திய அகாதெமி விருது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஆமந்துறை சிறிய ஊர், இது தூத்துக்குடி என்னும் துறைமுக நகரம். 1914இலிருந்து 2000 வரை. மீன்பிடிப்பிலிருந்து தோணித் தொழிலுக்கு, அதாவது பாய்மரத் தோணிகளில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தொழிலுக்குக் களம் மாறுகிறது. தொழில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைத்தான் இதில் தேடப் போகிறேன். பெரிய நாவல் என்பதால் இடையில் வேறு எதையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. குடும்ப வரைபடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமே எடுத்து வைத்திருக்கிறேன்.

அதே தூத்துக்குடியில் கப்பலும் தோணியும் ஏற்றிய உப்பை விளைவித்தவர்கள் யார் என்று பார்க்க ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. அளத்தில் பாத்தி மிதிக்கும் தொழிலாளர்களின் கதை, 1979. களத்துக்குப் போய், தங்கி, பேசி, பிறகு எழுதியவர் அவர். அவருடைய ‘அலைவாய்க் கரையில்’ நாவலையும் கூடவே எடுத்திருக்கிறேன், அது மீனவர் கதை. வெளியிலிருந்து போய் ஆய்வு செய்து எழுதிய ஒரு பெண்ணும், உள்ளேயிருந்து எழுதிய ஜோ டி குருஸும் ஒரே கரையில் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே விலகுகிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. 2014இல் மறைந்த ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் இருந்தபோதே, 2009இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அதனால் பல பதிப்புகளில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. அவரை ‘பிரச்சார எழுத்து’ என்று ஒதுக்குவது இங்கே ஒரு பழக்கமாக இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உப்பளத்தில் வேலை செய்பவளின் பாதம் எப்படி இருக்கும் என்று தமிழ் நாவலுக்குக் காட்டிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இன்னும் இரண்டு பெயர்கள். கிறிஸ்டோபர் ஆன்றணியின் ‘துறைவன்’, குமரி மாவட்டத்து முக்குவர்களின் வாழ்க்கை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, வாடைக்காலத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடும் மீனவர்களைப் பற்றிய ஈழத்து நாவல். இலங்கையில் 1978இல் திரைப்படமாகவும் வந்தது. பாக் நீரிணையின் இந்தப் பக்கத்து நாவல்களை மட்டும் படித்துக்கொண்டு கடலைத் தெரியும் என்று சொல்வது சரியில்லை என்பதால் அது வரிசையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் கடைசியாக, பல வருடத்துக்குப் பிறகு மறுபடியும் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போய், போருக்குப் பின் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்த ப. சிங்காரம் எழுதியது. பதிப்பிக்க ஆள் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் அச்சேறியது. அதில் நாயகன் பாண்டியன் தொங்கான் என்னும் சரக்குப் படகில் பினாங்குக்குப் போகும்போது அடிக்கும் புயல், தமிழ் உரைநடையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கடற்பக்கங்கள் என்பது என் எண்ணம். அந்தப் புயலையும் ஆமந்துறைப் புயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடலைக் கடந்து போகும் வணிகனின் புயல், மற்றது கடலிலேயே பிழைப்பவனின் புயல்.

பார்த்தீர்களென்றால் என் வரிசை பெரும்பாலும் தெற்குக் கரையிலேயே நிற்கிறது. பரதவர், முக்குவர், முஸ்லிம்கள் வந்துவிட்டார்கள், சோழமண்டலக் கரையின் பட்டினவர் வரவில்லை. நாகை, கடலூர், பழவேற்காடு பக்கத்து நாவல் எதையாவது நீங்கள் ரசித்துப் படித்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். ‘கொற்கை’ முடிந்த கையோடு அதை எடுத்துவிடுகிறேன், சிங்காரம் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.